எத்தனை மணிக்கு எழுப்பணும்?

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திண்டிவனம் திரும்பிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்திருந்தது. நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற லாட்ஜைத் தாண்டும்போது பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்தேன். கை மாறிவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். பேரை மாற்றி, பெயிண்டை மாற்றி, வாசலில் தொட்டிச்செடி எல்லாம் வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகைக்குக் கீழே ஒரு புது வரி: 'தனியாக வருபவர்களுக்கும் அறை உண்டு.' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு செல்போனுக்குள் போய்விட்டாள். அந்த ஒரு வரி இல்லாமல் அந்த வாசலில் எத்தனை பேர் கெஞ்சிக்கொண்டு நின்றார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

என் பெயர் மேரி. ஒலக்கூர் பக்கம் ஒரு கிராமம். எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நான் ஒருத்திதான் பன்னிரண்டாவது வரை தட்டுத்தடுமாறி முடித்தேன். வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு திண்டிவனத்தில் ஒரு லாட்ஜில் பெட்ஷீட் துவைக்கப் போனேன். 'லாட்ஜில் வேலை' என்று ஒரு பொம்பளை சொன்னால் கேட்பவர்களின் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். எங்கம்மா கடைசிவரை ஊரில் கேட்டவர்களிடம் 'ஓட்டல்ல வேலை' என்றுதான் சொல்லிவந்தாள். என்ன ஓட்டல், இட்லி கொண்டு வா என்று யாராவது கேட்டிருந்தால் மாட்டியிருப்பாள்.

துவைப்பதிலிருந்து ரூம் துடைப்பது, அதிலிருந்து சாவி கொடுப்பது என்று கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறினேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதற்காக விழுப்புரம் லாட்ஜில் கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள். அங்கே மேனேஜர் கோதண்டம் சார். நான் வேலை கற்றது அவரிடம்தான்.

கோதண்டம் சார் ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனா. குரலை உயர்த்தவே மாட்டார். யார் படியேறி வந்தாலும் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார், செருப்பில்லாமல் வந்தாலும் சரி, காரில் வந்தாலும் சரி. எனக்கு அது முதலில் வேடிக்கையாக இருந்தது. இவர் என்ன, ஒரு நாளைக்கு இத்தனை தோப்புக்கரணமா என்று மனசுக்குள் கேலி செய்திருக்கிறேன். பிறகு நானும் எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டேன்.

நம் பக்கத்து லாட்ஜுகளில் அப்போது ஒரு எழுதாத சட்டம் இருந்தது. தனி ஆளுக்கு ரூம் கிடையாது. குடும்பமாக வந்தால் உண்டு. மருந்து கம்பெனிக்காரர், பம்ப்செட் கம்பெனிக்காரர் என்று மாதம் தவறாமல் வருகிற முகமாக இருந்தால் உண்டு. புதிதாக ஒருவர் தனியாக வந்து நின்றால், 'ரூம் ஃபுல்'. தனியாக ஒரு பெண் வந்தால் அவள் கடைசிப் படி ஏறுவதற்குள்ளேயே 'ஃபுல்'. அதைச் சொல்லும்போது நமக்குப் பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வந்தவர் அதைப் பார்ப்பார். அவர் பார்த்தது நமக்கும் தெரியும். ஒன்றும் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போவார்கள். திண்டிவனத்தில் நானே அப்படிச் சொல்லும்படி ஆகியிருக்கிறது, நாக்கு கூசும்.

பெண் என்றால் சந்தேகம், அது ஒன்று. பொதுவான காரணம் வேறு. தனியாக வருகிறவர் தனியாகவே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்கிற பயம். கோதண்டம் சார் இதற்கு முன்னால் வேலை பார்த்த ஒரு லாட்ஜில் அது நடந்திருக்கிறது. காலேஜ் படிக்கிற வயசுப் பையன். தனியாக வந்தான், ரூம் எடுத்தான், மறுநாள் கதவு திறக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாக நடந்ததை சார் பெரிதாகச் சொல்ல மாட்டார். பையனுடைய அம்மா வந்ததைத்தான் சொல்வார். அந்தம்மா கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள கடைசியா உன்கிட்ட இன்னா சொன்னான் சாரே?" என்று கேட்டிருக்கிறார். இவரிடம் சொல்ல ஒன்றுமே இல்லை. 'ஐடி குடு' என்று இவர் கேட்டிருந்தார், அவன் கொடுத்திருந்தான். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு.

வேறு யாராக இருந்தாலும் அதற்குப் பிறகு தனி ஆள் பக்கமே தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார்கள். கோதண்டம் சார் வேறு வழி வைத்துக்கொண்டார். தனியாக வருகிறவர்களுக்கு ரூம் கொடுப்பார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்: "நாளைக்கு எத்தனை மணிக்கு எழுப்பணும்?"

கேட்டால் சாதாரணமாக இருக்கும். எல்லாமே அதில்தான் இருக்கிறது என்பார். இன்டர்வியூவுக்கு வந்த பையன், "அஞ்சு மணிக்கே எழுப்பிடுங்க சார், மறந்துடாதீங்க" என்று பதறுவான். விற்பனைப் பிரதிநிதிகள் "அலாரம் வெச்சிருக்கேன்" என்பார்கள். சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டு வந்தவர்கள்கூட, "எட்டு… இல்ல, ஒம்போது" என்று யோசித்துச் சொல்வார்கள். நாளைக்கு என்று ஒன்று மனசில் இருப்பவருக்கு ஏதோ ஒரு மணி இருக்கும். பதில் வராமல் தரையைப் பார்த்தால்தான் சார் உஷாராவார். சாவியைத் திரும்பப் பலகையில் மாட்ட மாட்டார், கையிலேயே வைத்திருப்பார். உட்காரச் சொல்லி டீ வரவழைப்பார். ஊர், பிள்ளை குட்டி, மழை, விளைச்சல் என்று பேச்சை ஆரம்பிப்பார், கொஞ்ச நேரத்தில் அவர்களே அண்ணனுக்கோ அக்காவுக்கோ போன் போட்டுவிடுவார்கள். அப்படி அழைத்துப் போகப்பட்டவர்கள் உண்டு. ஒருவர் மறு வருஷம் பெண்டாட்டியோடு வந்து அதே ரூம் கேட்டார்.

"தனியாவா வந்தீங்கன்னு மட்டும் கேக்காத மேரிம்மா. அது தெரிஞ்சிதான் அவங்க வந்திருக்காங்க" என்று எனக்கு முதல் நாளே சொன்னார்.

நான் கவுன்ட்டரில் உட்கார்ந்த பிறகு பெண்கள் கொஞ்சம் தைரியமாகப் படியேற ஆரம்பித்தார்கள். உள்ளே வந்து என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விடுவார்கள், அது எனக்குக் கேட்கும். நர்ஸ் வேலைக்கு வந்த பெண்கள், பரீட்சை எழுத வந்த பெண்கள், கோர்ட்டில் வாய்தாவுக்கு வந்தவர்கள். மண்டகப்பட்டு குகைக்கோயிலைப் பார்க்க ஒரு அம்மா மதுரையிலிருந்து தனியாக வந்திருந்தார். ரிட்டயர்டு டீச்சர். எங்களிடம் வருவதற்கு முன்னால் ஏறிய லாட்ஜுகளில் எல்லாம் 'ஃபுல்' சொல்லியிருக்கிறார்கள். "ஒரு கல்லுக் கோயிலப் பாக்கறதுக்கு ஒரு பொம்பள தனியா வருவாளான்னு கேக்கறாங்கம்மா" என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் லேசாக இருந்ததை நான் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்படி வருகிறவர்கள் என்னிடம் கேட்பார்கள், வேறு ஊரில் கம்மி வாடகைக்கு நல்ல ரூம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று. இப்போது போனில் படம் காட்டுகிறான், நட்சத்திரம் போடுகிறான். படத்தில் எல்லா ரூமும் அழகாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டால், ரூமைப் பார்ப்பதற்கு முன் வராந்தாவைப் பாருங்கள். வராந்தா மூலையில் வெற்றிலை எச்சில் இருந்தால் பெட்ஷீட்டைத் திருப்பிப் பார்க்கவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். பொழுது சாய்ந்து போகாதீர்கள், முன்பகலில் போங்கள், அப்போதுதான் காலி செய்தவர்கள் ரூமைச் சுத்தம் செய்துகொண்டிருப்பார்கள், செய்கிற லட்சணமும் தெரிந்துவிடும். பஸ் ஸ்டாண்டு வாசலை ஒட்டிய லாட்ஜைவிட, அதற்குப் பின்னால் ஒரு தெரு தள்ளி இருப்பது வாடகையும் குறைவு, ஹாரனும் குறைவு. தலையணை உறையை உங்கள் கண் முன்னால் மாற்றச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் மாற்றினால் அது நல்ல இடம். அவ்வளவுதான் என் சாஸ்திரம்.

இந்தச் சாஸ்திரமெல்லாம் கைகொடுக்காத ஒரு நாள் உண்டு. வேலையைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த நாள்தான்.

கொரோனாவுக்கு முந்தைய வருஷம், பங்குனி மாசம். காலை டிபன் நேரம் முடிந்து கவுன்ட்டர் காற்றாடிக் கிடந்தது. ஐம்பது தாண்டிய ஒரு அம்மா படியேறி வந்தார். துவைத்து உடுத்திய நூல் புடவை, கையில் ஒரு மஞ்சப்பை. குதிகால் வெடிப்பில் வயல் மண் இன்னும் இருந்தது. நேராக என்னிடம் வந்தார்.

"ஏம்மா, இங்க ரூம்பு வாடவைக்கு வுடறீங்களாமே. ஒருத்திக்கு எவ்ளோ?"

இருப்பதிலேயே குறைவான வாடகையைச் சொன்னேன். பேரம் பேசவில்லை. சரி என்று தலையாட்டினார். பேரம் பேசாத கிராமத்து அம்மாவை நான் அதுவரை பார்த்ததில்லை.

"எந்த ஊரும்மா?"

"திருவெண்ணெய்நல்லூரு பக்கம்."

எனக்குப் புரியவில்லை. அங்கிருந்து விழுப்புரத்துக்கு பஸ் வந்துகொண்டே இருக்கும். சாயங்காலம் வேலை முடிந்தால் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்.

"ஆஸ்பத்திரில யாராவது இருக்காங்களா?"

"இல்ல."

"கோர்ட்டா? ரயிலு புடிக்கணுமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ரூம்பு வோணும். அவ்ளோதான்."

உள் அறையிலிருந்து கோதண்டம் சார் வந்தார். அந்த அம்மாவுக்கு வணக்கம் சொல்லி உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அந்த அம்மா மடக்மடக்கென்று குடித்து முடித்ததும் சாவியை எடுத்துக்கொண்டு அவருடைய கேள்வியைக் கேட்டார்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு எழுப்பணும்மா?"

"எழுப்பாதீங்க."

சாருடைய கை நின்றுவிட்டது.

"யாரும் வந்து எழுப்பவே கூடாது. அதுக்குன்னுதான் வந்துக்கினு இருக்கேன்" என்றார் அந்த அம்மா.

"போன் நம்பர் சொல்லுங்கம்மா" என்றார் சார், மெதுவாக.

"போன வூட்லயே வச்சிட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல. வேணும்னேதான் வச்சிட்டு வந்தேன்."

சார் என்னை உள்ளே கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் வாயால் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டேன். "ஃபுல்னு சொல்லிடு மேரிம்மா. டீ வாங்கிக் குடு. பேசு. நீயே கூடப்போய் பஸ் ஏத்திவுட்டுட்டு வா."

மாடிப்படிக்கு அடியில் ஒரு பெஞ்சு இருக்கும். அங்கே உட்கார வைத்து டீ கொடுத்தேன். ரூம் இல்லை என்று நான் இன்னும் சொல்லவில்லை. "இன்னா பிரச்சினைம்மா? என்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

"பிரச்சினையா? ஒண்ணுமில்ல. தூங்கணும்" என்றார்.

பிறகு அவரே சொன்னார். பெயர் அஞ்சலை. வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து படுக்கையில் இருக்கிறார், வருஷக்கணக்காக. பகலில் இவர் கரும்பு வெட்டப் போவார், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கப் போவார். ராத்திரியில் புண் வந்துவிடாமல் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

"அது கூட பரவால்லம்மா. கூப்புடுவாரு. அஞ்சல… அஞ்சலன்னு. ஒண்ணும் வேணாம் அவருக்கு. நான் பக்கத்துல இருக்கறனான்னு தெரியணும், அவ்ளோதான். உம்னு சொன்னா போதும், தூங்கிடுவாரு. எனக்குத்தான் போன தூக்கம் வராது. வர்ற மாரி இருக்கறப்ப மறுக்கா கூப்புடுவாரு. கெட்டவரு இல்லம்மா. என்னை நல்லா வச்சிருந்தாரு. பயம் அவருக்கு."

மகள் ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். லீவு போட்டுக்கொண்டு வந்து, அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ தூங்கு என்று சொல்லியிருக்கிறாள்.

"படுத்தேன். அவ பக்கத்துலயே உக்காந்துக்கினு இருக்கா, அவரு என்னத்தான் கூப்புடறாரு. அந்த வூட்ல இருக்கற வரிக்கும் எனக்குத் தூக்கம் கெடையாது. அதான் கோயிலுக்குப் போய் ராத்தங்கிட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பொய்யிதான். சாமி ஒண்ணும் கோவிச்சிக்காது."

"சொந்தக்காரங்க வூட்டுக்குப் போயிருக்கலாமே?"

"தங்கச்சி வூடு இருக்குது. அங்க போனா படுக்க வுடுவாளா? இந்த வெங்காயத்த உரிச்சிக்குடுன்னுவா. அக்கா, மச்சான் எப்படி இருக்காருன்னு மொதல்லேர்ந்து கத கேப்பா. பேஜாரும்மா. காசு குடுத்தா சும்மா வுடற எடம் இதான்னு கரும்புல கூட வர்ற பொண்ணு சொல்லிச்சு."

சொல்லிவிட்டு டீ டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "ரூம்பு குடுத்தா, தண்ணி மோட்டாரு இல்லாத பக்கமா குடும்மா. அந்தச் சத்தம் எனக்கு ஆவாது. தலகாணி ரெண்டு கெடைக்குமா? ஒண்ணு காலுக்கு வைக்கணும்" என்றார்.

உள்ளே போய் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை.

"கதை பொய்னு நான் சொல்லல மேரிம்மா. உண்மைதான். அதான் பயமா இருக்கு. இவ்ளோ கஷ்டம் இருக்கறவங்கதானே அந்த முடிவுக்குப் போறாங்க?"

"சாகப்போறவங்க மோட்டார் எந்தப் பக்கம்னு கேப்பாங்களா சார்? காலுக்குத் தலகாணி கேப்பாங்களா?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், மாடியில் பின்பக்கம் ஒன்பதாம் நம்பரைக் கொடுக்கச் சொன்னார். ஆனால் மணிக்கு ஒரு தரம் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்றார். நான் வந்து அஞ்சலையிடம் சொன்னேன்.

"தட்டுனா நான் வந்ததே வேஸ்ட்டு. அதுக்கு வூட்லயே இருந்துருப்பேனே" என்றார்.

"தட்ட மாட்டோம்மா. நான் பாத்துக்கறேன், நீங்க தூங்குங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பின்னால் சார் நின்றிருந்தார். அந்த அம்மா படியேறிப் போனதும், "வாக்கு குடுத்தது நீ. நான் குடுக்கல" என்றார். ஸ்டோர் ரூமிலிருந்து கடப்பாரையைக் கொண்டுவந்து மாடி வராந்தா மூலையில் சாத்தி வைத்தார். எங்கள் கதவுகளில் உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டால் வெளியே இருந்து சாவி பிரயோஜனப்படாது.

நான் மாடியிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு தலையணை உறைகளை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. வேறு சத்தமே இல்லை. இருமல்கூட இல்லை. மடித்த உறையையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி, தெருமுனை டிரான்ஸ்பார்மரில் டமால் என்று ஒரு சத்தம். கரண்ட் போய்விட்டது. பங்குனி வெயில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற ரூம்கள், சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஜவுளிக் கம்பெனிக்காரர் பனியனோடு வந்தார். கல்யாணத்துக்கு வந்திருந்த ஒரு குடும்பம் மொத்தமும் விசிறிக்கொண்டே வெளியே வந்து நின்றது. "என்னங்க லாட்ஜு, ஜெனரேட்டர் இல்லையா?" என்று ஆளாளுக்குச் சத்தம். எல்லாக் கதவும் திறந்திருந்தது. ஒன்பதாம் நம்பர் மட்டும் மூடியிருந்தது.

"இந்த ரூம்ல ஆள் இல்லையா?" என்று ஒருவர் கேட்டார்.

அந்த வெக்கையில் மனுஷர் யாரும் உள்ளே இருக்க முடியாது. சார் மேலே வந்துவிட்டார். வந்ததும் ஒன்பதாம் நம்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நேராகப் போய்க் கடப்பாரையை எடுத்தார். நான் கதவுக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"தள்ளு மேரிம்மா."

"சார், கொஞ்சம் பொறுங்க."

"எவ்ளோ நேரம் பொறுக்கறது? கரண்ட் போனதுலேர்ந்து ஒரு அசைவு இல்ல. உசுரு இருக்கறவங்க இந்த வெக்கையில எழுந்துக்காம இருப்பாங்களா?"

குரலை உயர்த்தாத மனிதர் கத்திவிட்டார். கடப்பாரை நுனி தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. அவர் கண்ணுக்கு முன்னால் அந்தப் பையனுடைய அம்மா நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கும் நம்பிக்கை போய்விட்டது, மறைப்பானேன். மோட்டார் சத்தத்தையும் தலையணையையும் வைத்துக்கொண்டு ஒரு உயிரைக் கணக்குப் போட்டுவிட்டோமே, மாதாவே என்று மனசுக்குள் கதறினேன். ஆனாலும் வாக்குக் கொடுத்திருந்தேன். உள்ளே அவர் தூங்கிக்கொண்டிருந்தால்? கதவை உடைத்து எழுப்பிவிட்டால் அந்த அம்மாவுக்கு இனி ஒரு நாள் எங்கே கிடைக்கும்?

சுற்றிலும் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, திரும்பி நின்று கத்தினேன். "எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க!"

வாடகை கொடுத்த விருந்தாளிகளிடம் அப்படிப் பேசினால் வேலையே போகும். அத்தனை பேரும் வாயடைத்து நின்றார்கள். ஃபேன் இல்லை, மோட்டார் இல்லை, பேச்சு இல்லை. அப்போது கதவுக்கு மேலே இருந்த வென்டிலேட்டர் வழியாக அது கேட்டது.

குறட்டை.

சாதாரணக் குறட்டை இல்லை. கரும்பு லாரி மேடேறுகிற மாதிரி ஒரு இழுப்பு. மேலே போய் அப்படியே நின்றது. எங்கள் மூச்சும் நின்றது. பிறகு புஸ்ஸென்று இறங்கியது. மறுபடி ஒரு இழுப்பு. இத்தனை நேரமும் ஃபேன் சத்தத்தில் அது அமுங்கிக் கிடந்திருக்கிறது.

சார் கதவில் காதை வைத்தார். இன்னொரு இழுப்பு, இன்னொரு இறக்கம் என்று கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு கடப்பாரையைக் கொஞ்சம்கூடச் சத்தம் வராமல் குனிந்து தரையில் படுக்க வைத்தார், குழந்தையைக் கிடத்துகிற மாதிரி. நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவில்லை, வழிய விட்டுவிட்டேன்.

ஜவுளிக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். சார் உதட்டில் விரலை வைத்தார். "ஒரு அம்மா தூங்கிக்கினு இருக்காங்க. எல்லாரும் கீழ வாங்க, மோரு தர்றேன். செருப்பக் கையில எடுத்துக்குங்க" என்றார் கிசுகிசுப்பாக. கல்யாண வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் பட்டுப்புடவையும் கையில் செருப்புமாக வரிசையாக, பூனை மாதிரி படியிறங்கினார்கள். ஒரு சின்னக் குழந்தை "யாரும்மா தூங்கறா?" என்று கேட்டதற்கு அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

சாயங்காலம் கரண்ட் வந்தது. தொட்டி காலி, மோட்டார் போட வேண்டும். சார் ஓடிப்போய் சுவிட்சுக்கு முன்னால் நின்றுகொண்டார். "இன்னிக்கு மோட்டார் கெடையாது" என்றார். கீழே குழாயில் பிடித்து வாளி வாளியாக எல்லா ரூமுக்கும் ஏற்றினோம். விருந்தாளிகள் முணுமுணுத்தார்கள், ஆனால் மெதுவாகத்தான் முணுமுணுத்தார்கள்.

மறுநாள் காலை நான் சீக்கிரமே வந்துவிட்டேன். எனக்கு முன்னால் சார் வந்திருந்தார். ஏழு மணி வாக்கில் அஞ்சலை இறங்கி வந்தார். குளித்து, தலைவாரி, முகம் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த வீக்கம் வடிந்திருந்தது. மஞ்சப்பையிலிருந்து வறுத்த மல்லாட்டையை அள்ளி கவுன்ட்டர் மேல் வைத்தார். "திங்கறதுக்குத்தான் எடுத்தாந்தேன். எங்க, படுத்ததுதான் தெரியும். நீங்க தின்னுங்க."

சார் எழுந்து நின்றார். "நல்லா தூங்கினீங்களாம்மா?"

"தூங்குனேங்க. நடுவுல ஒருக்கா முழிப்பு வந்துச்சு. உம்னு சொல்லிட்டு எழுந்து உக்காந்துட்டேன். கையால தடவிப் பாத்தா பக்கத்துல யாருமே இல்ல. யாருமே கூப்புடல." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "அப்பறம்தான் ஞாபகம் வந்துச்சு, ரூம்புல இருக்கறோம்னு. திரும்பிப் படுத்துக்கினேன்."

அந்த அம்மாவின் சிரிப்பு மெதுவாக அடங்கியது. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அங்க ராப்பூரா கூப்ட்டுக்கினே இருந்துருப்பாரு, பாவம்" என்றார்.

டீ வந்திருந்தது, குடிக்கவில்லை. "ஜல்தியா போவணும்மா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கினார். அந்த நேரம் பார்த்து திருவெண்ணெய்நல்லூர் பஸ் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த கோதண்டம் சார் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கி ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.